எட்டு நிறுவனங்கள், அறுபது விருப்பப் பட்டியல்கள்: பயிற்சி இட ஒதுக்கீடு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி அறிவியல் துறை, இறுதியாண்டு மாணவர்களை ஓசூர், குருபரப்பள்ளி, பர்கூர் பகுதிகளில் இயங்கும் எட்டு நிறுவனங்களுக்கு ஒரு பருவம் முழுவதும் பயிற்சிக்கு அனுப்பி வந்தது. மாணவர்கள் ஏறத்தாழ 60 பேர். இடங்கள் அதைவிடச் சற்றுக் கூடுதல். ஒவ்வொரு மாணவரும் ஒரு விருப்பப் பட்டியல் தருவார். ஒவ்வொரு நிறுவனமும் நேர்காணலுக்குப் பின் மாணவர்களை வரிசைப்படுத்தி அனுப்பும். பயிற்சி ஒருங்கிணைப்பாளரான ஆசிரியர் இரண்டையும் எக்செல் தாளில் ஏற்றி இடங்களை ஒதுக்குவார்.

விருப்பப் பட்டியல் என்றதும் உதவித்தொகையும் நிறுவனத்தின் பெயரும்தான் மாணவர் மனத்தில் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இம்மாவட்டத்தில் நிலைமை வேறு. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலோ இங்குள்ள இராயக்கோட்டையிலோ வீடு இருக்கும் மாணவருக்குச் சேலம்–பெங்களூரு ரயில் பாதை ஓசூரை எளிதாக்கிவிடுகிறது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கோ இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மாணவி பர்கூரில் பயிற்சி பெற்றால், இராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வந்து, அங்கே பேருந்து மாறி, மாலையில் அதே வழியில் திரும்ப வேண்டும். இரவு ஷிப்ட் உள்ள நிறுவனத்துக்கு அனுப்பச் சில வீடுகளில் சம்மதிப்பதில்லை. ஆகவே ஒரு பட்டியலைப் படிப்பவர் அந்த மாணவரின் வீட்டு நிலைமையையும் ஓரளவு படித்துவிடுகிறார். இந்த நிகழ்வின் இரண்டாம் பாதி முழுவதும் இதிலிருந்து எழுந்ததே.

கட்டுரையாளர் இக்கல்லூரியைச் சேர்ந்தவர் அல்லர். விருப்பப் பட்டியல்களின் இரகசியத்தைக் காக்க உருவான நெறிமுறையைச் சரிபார்க்க வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர்.

கவனிக்கப்பட்டவை

பழைய ஒதுக்கீட்டு முறை எளிமையானது. முதல் சுற்றில், ஒரு நிறுவனத்தை முதலாவதாக எழுதியவர்களிலிருந்து அந்நிறுவனத்தின் வரிசைப்படி இடங்கள் நிரப்பப்படும், அவை இறுதியானவை. மீதமுள்ள இடங்களுக்கு மட்டும் இரண்டாம் விருப்பங்கள் பார்க்கப்படும். பார்வைக்கு நியாயமாகத் தெரியும் இம்முறையைத்தான் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளும் மாணவர் சேர்க்கைக்குப் பின்பற்றி, பின்னர் 2005-இல் கைவிட்டன.

குறை வெளிப்பட்டது ஒரு மாணவியின் முறையீட்டில். அவர் ஓசூரிலுள்ள ஒரு நிறுவனத்தை முதலிலும், அதே ஊரின் மற்றொரு நிறுவனத்தை இரண்டாவதாகவும் எழுதியிருந்தார். முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவது நிறுவனத்தின் வரிசையில் அவர் மேலே இருந்தும், அவருக்குக் கீழே இருந்தவர்கள் அந்நிறுவனத்தை முதல் விருப்பமாக எழுதியதால் இடங்கள் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிட்டன. அவருக்குப் பர்கூர் ஒதுக்கப்பட்டது. அந்த நிறுவனமும் அவரையே விரும்பியிருந்தது, அவரும் அந்நிறுவனத்தை விரும்பினார், ஆனால் இடையில் நின்ற விதி இருவரையும் பிரித்தது. இப்படி ஒதுக்கீட்டுக்கு வெளியே ஒருவரையொருவர் தேடக்கூடிய இணை ஒன்று இருக்கும் வரை அந்த ஒதுக்கீடு நிலைத்தது ஆகாது என்பதே இத்தகைய ஒதுக்கீடுகளை ஆராயும் துறையின் அடிப்படை வரையறை.

விசாரித்தபோது, மூத்த மாணவர்கள் ஆண்டுதோறும் இளையவர்களுக்குச் சொல்லித்தந்த அறிவுரை தெரியவந்தது: ஆசைப்படுவதை முதலில் எழுதாதே, கிடைக்கக்கூடியதை முதலில் எழுது. அந்த மாணவி இதைக் கேட்காதவர். மனத்தில் இருந்ததை அப்படியே எழுதியவர். துறைத் தலைவரை உறுத்தியது இதுதான். உண்மையை எழுதியவரைத் தண்டிக்கும் முறையில் சேரும் பட்டியல்கள் எதையும் சொல்லாது என்பதால், பல ஆண்டுகளாகத் துறை தயாரித்த 'மாணவர் விருப்பம்' பற்றிய அறிக்கைகளும் பயனற்றவை ஆகின.

ஒதுக்கும் முறையை மாற்றியது

துறை தேர்ந்தெடுத்தது டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-இல் வெளியிட்ட தற்காலிக ஏற்பு முறை. ஒவ்வொரு மாணவரும் தம் பட்டியலின் முதல் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார். நிறுவனம் தன் இட எண்ணிக்கைக்குள் சிறந்தவர்களைத் தற்காலிகமாக மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை மறுக்கிறது. மறுக்கப்பட்டவர் அடுத்த விருப்பத்துக்குப் போகிறார். அங்கே ஏற்கெனவே அமர்ந்திருப்பவரைவிட இவரை அந்நிறுவனம் விரும்பினால் முன்னவர் வெளியேறி, தம் அடுத்த விருப்பத்துக்கு நகர்கிறார். மறுப்புகள் ஓயும்போது ஒதுக்கீடு இறுதியாகிறது. ஒரு மாணவர் ஒரு நிறுவனத்துக்கு ஒரு தடவைதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், 60 மாணவர்களுக்கும் எட்டு நிறுவனங்களுக்கும் அதிகபட்சம் 480 விண்ணப்பங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

துறைக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர் எழுப்பிய கேள்வி நியாயமானது: பொறியியல் கலந்தாய்வில் செய்வதுபோலத் தரவரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதாதா? எல்லா நிறுவனங்களும் ஒரே தரவரிசையை ஏற்றுக்கொண்டால் போதும். அப்போது தற்காலிக ஏற்பு முறையும் அதே விடையைத்தான் தரும். இங்கே ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக நேர்காணல் நடத்தித் தனித்தனி வரிசை வைத்திருந்தது. ஒரு நிறுவனம் மதிப்பெண்ணைப் பார்க்கும், மற்றொன்று நிரல் எழுதச் சொல்லிப் பார்க்கும். அதனால் பொதுத் தரவரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை.

யார் விண்ணப்பிப்பது என்பது அடுத்த முடிவு. மாணவர்கள் விண்ணப்பித்தால், நிலைத்த ஒதுக்கீடுகள் அனைத்திலும் மாணவர்களுக்கு மிகச் சாதகமானது கிடைக்கும். நிறுவனங்கள் விண்ணப்பித்தால் சாதகம் அவற்றின் பக்கம் போகும். மாணவர் விண்ணப்பிக்கும் வடிவத்தில் எந்த மாணவரும் பட்டியலைத் திரித்து எழுதிப் பயன்பெற முடியாது என்று 1981-இல் லெஸ்டர் டியூபின்ஸும் டேவிட் ஃப்ரீட்மனும் நிறுவினர். இரு தரப்பும் உண்மையே சொல்லும்படி செய்யக்கூடிய நிலைத்த முறை எதுவும் இல்லை என்பதை 1982-இல் ஆல்வின் ராத் காட்டினார். இரண்டில் ஒரு தரப்பைத்தான் காக்க முடியும் என்ற நிலையில், துறை மாணவர் பக்கம் நின்றது. கல்லூரி எடுக்கக்கூடிய முடிவு அது ஒன்றுதான் என்பது கட்டுரையாளரின் கருத்து.

நிறுவனங்களின் வரிசையில் சமநிலை வந்த இடங்களில், மாணவர் முன்னிலையில் குலுக்கி எடுத்த எண்ணே முன்பின் தீர்மானித்தது.

பட்டியலைக் காக்கும் நெறிமுறை

உண்மையை எழுதினால் நட்டமில்லை என்று மாணவர்களிடம் விளக்கியபோது, அவர்கள் கேட்டது வேறொன்று. "மேடம், எங்க லிஸ்ட்ட யாரெல்லாம் பார்ப்பாங்க?" என்று ஒரு மாணவர் கேட்டதாகக் கூட்டக் குறிப்பில் உள்ளது. கடைசி இடத்தில் எழுதிய நிறுவனத்திலேயே பயிற்சி கிடைத்து, அந்த நிறுவனத்துக்கு அது தெரிந்துவிட்டால் பருவம் முழுவதும் முகம் சுளிப்பார்கள் என்ற அச்சம் அடிப்படையற்றது அல்ல. பட்டியல் கசியும் என்று நினைப்பவர் அதைத் திரித்தே எழுதுவார். கணிதம் தந்த உறுதி அத்துடன் போய்விடும்.

ஆகவே மூன்று மாணவர்கள் தங்கள் திட்டப்பணியாக ஒரு நெறிமுறையை, அதாவது பட்டியல்களைப் பாதுகாப்பாக அனுப்பிப் பெறும் விதிகளின் தொகுப்பை, வடிவமைத்தார்கள். ஒரு சிறிய செயலி, மாணவரின் பட்டியலைக் கல்லூரிச் சர்வரின் பொதுத் திறவுகோலால் (இதைக் கொண்டு யாரும் பூட்டலாம், சர்வர் மட்டுமே திறக்க முடியும்) பூட்டி, பூட்டிய கோப்பின் மேல் மாணவரின் டிஜிட்டல் கையொப்பத்தை இடும். கோப்பைச் சர்வரில் ஏற்ற உள்நுழைவு வேண்டாம், கையொப்பமே போதும். கடைசித் தேதி வரை புதிய பட்டியல் அனுப்பலாம். கடைசியாக வந்ததே செல்லும். உள்நுழைந்து 'என் பட்டியல்' பக்கத்துக்குப் போனால், தம் பெயரில் பதிவான பட்டியலைச் சரிபார்க்கலாம். காலக்கெடு முடிந்தபின் எல்லாப் பட்டியல்களின் ஹாஷ் மதிப்புகளும் (பட்டியலிலிருந்து கணக்கிடப்படும், ஆனால் பட்டியலை நேரடியாகத் திருப்பித் தராத அடையாள எண்கள்) ஒரு பொதுப் பலகையில் வெளியிடப்படும். தம் பட்டியல் கணக்கில் சேர்ந்ததை ஒவ்வொருவரும் உறுதிசெய்துகொள்ளலாம்.

பூட்டு, கையொப்பம், ஹாஷ் எல்லாம் நம்பகமான நூலகங்களிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. பலமான உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியதே பலவீனமாக இருக்கலாம் என்பதற்குப் பாதுகாப்பு நெறிமுறைகளின் வரலாற்றில் பழைய சான்று உண்டு. ராஜர் நீடமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978-இல் வெளியிட்ட பொதுத் திறவுகோல் நெறிமுறையின் ஓட்டையை 1995-இல்தான் கேவின் லோ கண்டறிந்தார். தொடர்ந்து 1996-இல் எஃப்.டி.ஆர். என்ற சரிபார்ப்புக் கருவியால் அதே தாக்குதலைத் தானாகவே கண்டுபிடிக்கச் செய்து காட்டினார். தாக்குபவர் அங்கே வெளியாள் அல்லர். முறையாகப் பதிவுபெற்ற ஒரு பங்கேற்பாளர்.

கருவி காட்டிய தாக்குதல்

சரிபார்ப்புக்குப் புரூனோ பிளான்ஷே உருவாக்கிய புரோவெரிஃப் என்ற கருவி பயன்படுத்தப்பட்டது. நெறிமுறையை அதற்குப் புரியும் மொழியில் ஒரு மாதிரியாக எழுதித் தர வேண்டும். டேனி டோலெவும் ஆண்ட்ரூ யாவும் வகுத்த எதிரியை அது கற்பனை செய்கிறது: அந்த எதிரி வலையில் போகும் எல்லாவற்றையும் படிப்பார், தடுப்பார், மாற்றுவார், புதிதாகச் செய்தி அனுப்புவார்; திறவுகோல் இல்லாமல் பூட்டை உடைக்க மட்டும் அவரால் இயலாது. அந்த எதிரிக்கு எட்டக்கூடியவை எவை என்பதைத் தர்க்க வாக்கியங்களாக மாற்றி, எத்தனை அமர்வுகள் நடந்தாலும் பொருந்தும் வகையில் கருவி விடை தேடும்.

பட்டியல் இரகசியமாக இருக்குமா என்ற முதல் கேள்விக்கே 'இல்லை' என்று விடை வந்தது. கருவி காட்டிய வழி இது. முதல் மாணவர் பூட்டிய கோப்பை அனுப்புகிறார். இரண்டாம் மாணவர் அதன் நகலைப் பெற்று, வெளியே இருக்கும் கையொப்பத்தை மட்டும் நீக்கி, தம் கையொப்பத்தை இட்டுத் தம் பட்டியலாகவே சர்வருக்கு அனுப்புகிறார். பூட்டைத் திறக்க அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பின்னர் தம் பெயரில் உள்நுழைந்து 'என் பட்டியல்' பக்கத்தைத் திறக்கிறார். சர்வரே பூட்டைத் திறந்து, முதல் மாணவரின் பட்டியலை அவருக்குக் காட்டிவிடுகிறது.

வடிவமைத்த மாணவர்கள் முதலில் இதை ஏட்டளவு ஆபத்து என்றார்கள். அடுத்தவர் கோப்பின் நகல் யாருக்குக் கிடைக்கும் என்று கேட்டார்கள். ஆய்வுக்கூடக் கணினிகளின் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து பார்த்ததும் பேச்சு நின்றது. சோதனை ஓட்டத்தின்போது மாணவர்கள் உருவாக்கிய பூட்டிய கோப்புகள் பதிவெண் தாங்கிய பெயர்களுடன் அங்கேயே கிடந்தன. பூட்டியிருந்ததால் யாருக்கும் அழிக்கத் தோன்றவில்லை.

இரண்டாவது குறை, பழைய கோப்பை மீண்டும் அனுப்புவது. ஒருவர் திங்களன்று ஒரு பட்டியலும் புதனன்று திருத்திய பட்டியலும் அனுப்பியிருந்தால், திங்கட்கிழமைக் கோப்பை வேறொருவர் வியாழனன்று மறுபடி ஏற்றலாம். கையொப்பம் உண்மையானது, கடைசியாக வந்ததும் அதுவே, எனவே அது செல்லும். ஹாஷ் பலகை காலக்கெடுவுக்குப் பின்னரே வெளியாவதால், உரியவர் கண்டுபிடிக்கும்போது ஒதுக்கீடே முடிந்திருக்கும்.

திருத்தம் லோ செய்ததை ஒத்தது. நீடம்–ஷ்ரோடர் நெறிமுறையில் அவர் சேர்த்தது பூட்டிய இரண்டாம் செய்திக்குள் பதில் தருபவரின் பெயரை மட்டுமே. இங்கும் மாணவரின் பதிவெண்ணும், சர்வர் அந்தத் தடவைக்கென்று தந்த புதிய எண்ணும் பட்டியலுடன் சேர்த்துப் பூட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டன. உள்ளே உள்ள பெயரும் கையொப்பமிட்டவரின் பெயரும் ஒத்துப்போகாத கோப்பைச் சர்வர் ஏற்காது. ஓர் எண்ணுக்கு ஒரு பட்டியல். புதிய எண் வாங்கியதும் பழையது செல்லாது. உள்நுழையாமல் கோப்பு ஏற்றும் வசதியும் நீக்கப்பட்டது. திருத்திய மாதிரியில் இரகசியம் காக்கப்படுகிறது என்றும், சர்வர் ஏற்கும் ஒவ்வொரு பட்டியலுக்கும் உரிய மாணவர் அனுப்பிய தனியொரு செயல் உண்டு என்றும் கருவி நிறுவியது.

கருவி காட்டாதது

ஹாஷ் பலகையைப் பற்றிக் கருவி எந்தக் குறையும் சொல்லவில்லை. துறையின் ஒரு பேராசிரியைதான் அதில் கை வைத்தார். எட்டு நிறுவனங்களை வரிசைப்படுத்தும் வழிகள் 40,320. சிலவற்றை எழுதாமல் விடலாம் என்ற விதியையும் சேர்த்தால் 1,09,600. இத்தனைக்கும் ஹாஷ் கணக்கிட்டு, பலகையில் இருப்பதுடன் ஒப்பிட ஆய்வுக்கூடக் கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். அதாவது அந்தப் பலகை வெளியாகும் நாளில் எல்லாருடைய பட்டியலும் எல்லாருக்கும் திறந்துவிடும்.

கருவி ஏன் இதைக் காணவில்லை என்பது முக்கியம். மாதிரியில் பட்டியல் என்பது யாராலும் ஊகிக்க முடியாத புதிய இரகசியமாக எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதினால் ஹாஷிலிருந்து எதுவும் வெளிவராது என்பதே சரியான விடை. ஊகிக்கத்தக்க இரகசியம் என்று அறிவித்துக் கேட்கும் வசதி புரோவெரிஃபிலேயே உண்டு. அப்படிக் கேட்டதும் தாக்குதல் வெளிப்பட்டது. கருவியின் 'உண்மை' என்ற விடை மாதிரிக்கு உரியது. வைஃபையின் டபிள்யூ.பி.ஏ.2 இணைப்பு முறை பாதுகாப்பானது என்று முறைப்படி நிறுவப்பட்டிருந்தும், அந்த மாதிரியில் இடம்பெறாத, ஒரே திறவுகோலை மறுபடி நிறுவும் நிகழ்வின் வழியே 2017-இல் மேத்தி வான்ஹூஃப் உள்ளே நுழைந்தது இதே வகைதான்.

பட்டியலுடன் 128 பிட் நீளமுள்ள தற்செயல் எண்ணைச் சேர்த்து ஹாஷ் எடுப்பது என்றும், அந்த எண்ணை மாணவர் மட்டும் ரசீதாக வைத்திருப்பது என்றும் முடிவானது.

விளைவு

ஒதுக்கீடு புதிய முறையில் ஒரே மாலையில் முடிந்தது. ஒதுக்கப்பட்ட இடத்தைவிடத் தமக்குப் பிடித்த நிறுவனம், தமக்குக் கீழே உள்ளவரை எடுத்துக்கொண்டது என்று யாராலும் காட்ட முடியவில்லை. முறையின் வரையறைப்படி அப்படி ஒருவர் இருக்கவும் முடியாது. ஆசைப்பட்டது கிடைக்காதவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்ட நிறுவனத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அந்நிறுவனத்தின் வரிசையில் அவர்களுக்கு மேலே இருந்தார்கள்.

பர்கூர்ப் பக்கத்து நிறுவனம் ஒன்றில் சில இடங்கள் நிரம்பவில்லை. பெரும்பாலான மாணவர்கள் அதைப் பட்டியலில் எழுதவே இல்லை. மாணவர் பக்கம் சாய்ந்த முறையால்தான் இப்படி ஆயிற்று என்று அதன் மேலாளர் குறைப்பட்டுக்கொண்டார். நிறுவனங்கள் விண்ணப்பிக்கும் வடிவத்திலும் துறை கணக்கிட்டுப் பார்த்தது. அந்நிறுவனத்துக்கு அதே மாணவர்களே வந்தார்கள், அதே இடங்களே காலியாக இருந்தன. தன் இடங்களை நிரப்ப முடியாத நிறுவனத்துக்கு, நிலைத்த ஒதுக்கீடு எதுவானாலும் அதே நபர்களே வருவார்கள் என்று 1986-இல் ராத் நிறுவியதன்படியே இது நடந்தது. அமெரிக்கக் கிராமப்புற மருத்துவமனைகளை முன்வைத்து எழுந்த அந்தத் தேற்றம், பேருந்து வசதி குறைந்த ஒரு தொழிற்பேட்டைக்கும் அப்படியே பொருந்தியது. மேலாளரிடம் இரு கணக்குகளையும் காட்டியபின், ஓசூர்ப் பக்கத்து மாணவர்களுக்காக வாகன ஏற்பாடு பற்றி அவரே பேச்செடுத்தார்.

எதிர்பாராத சிக்கல் ரசீதில் வந்தது. ஒரு நிறுவனத்தின் எச்.ஆர். அலுவலர் பயிற்சிக்கு வந்த மாணவரிடம், "எங்களை எத்தனாவதா போட்டிருந்தீங்க, அந்த ரசீதைக் காட்டுங்க பார்ப்போம்" என்று கேட்டிருக்கிறார். ரசீது இல்லாத காலத்தில் மாணவர் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தம் பட்டியல் கணக்கில் சேர்ந்தது என்று தமக்கே நிரூபித்துக்கொள்ளத் தந்த எண், அவருடைய பட்டியலைப் பிறரிடம் நிரூபிக்கவும் பயன்பட்டுவிட்டது. தம் தேர்வை ஒருவர் பிறரிடம் நிரூபிக்க முடியுமா என்ற, மின்னணு வாக்குப்பதிவை ஆராய்பவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வரும் கேள்வியை மாதிரியில் யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டுக்கான மாற்றங்கள்

ஹாஷ் பலகையும் ரசீதும் நீக்கப்படுகின்றன. அதற்குப் பதிலாக, வேறு துறைகளைச் சேர்ந்த இரு ஆசிரியர்களும் ஒரு மாணவர் பிரதிநிதியும், பதிவெண்களுக்குப் பதில் தற்செயல் குறியீடுகள் இட்ட பட்டியல்களைக் கொண்டு ஒதுக்கீட்டை மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மாணவரும் தாமே சரிபார்க்கும் உரிமையை இதனால் இழக்கிறார். மூவர் மீது நம்பிக்கை வைக்க வேண்டியிருக்கிறது. இது சிறந்த தீர்வு என்று கட்டுரையாளர் கருதவில்லை. அழுத்தம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் நிறுவனம், அழுத்தத்துக்கு ஆளாகிறவர் மாணவர் என்னும்போது, இரண்டு தீமைகளில் சிறியது இது. ஆய்வுக்கூடக் கணினிகளில் கோப்பு எதுவும் சேமிக்கப்படாதபடி செயலி மாற்றப்படுகிறது. சரிபார்ப்பு மாதிரியை எழுதுபவர் நெறிமுறையை வடிவமைத்தவராக இருக்கக் கூடாது என்ற விதியும் சேர்க்கப்பட்டுள்ளது.

தீராமல் இருப்பது ஒரு கோரிக்கை. அஞ்செட்டி, தளிப் பக்கத்திலிருந்து வரும் மாணவிகள் சிலர், தோழியுடன் சேர்ந்து போக முடிந்தால்தான் வீட்டில் அனுப்புவார்கள் என்பதால், இருவருக்கும் ஒரே நிறுவனம் வேண்டும் என்று இணைப் பட்டியல் தர விரும்புகிறார்கள். இணைகளை அனுமதித்தால் நிலைத்த ஒதுக்கீடு இல்லாமலே போகலாம் என்று 1984-இலேயே ராத் காட்டியிருக்கிறார். இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பதே என்.பி. முழுமை வகைச் சிக்கல் (அளவு பெருகும்போது விரைவாகத் தீர்க்கும் பொதுவழி எதுவும் அறியப்படாதது) என்பது 1990-இல் ஈத்தன் ரான் நிறுவியது. 60 பேர் அளவில் தேடிப்பார்க்க முடியும் என்றாலும், தேடி ஒன்றும் கிடைக்காத ஆண்டில் என்ன சொல்வது என்பதற்கு விதி இல்லை. எனவே அடுத்த ஆண்டும் பட்டியல்கள் தனித்தனியாகவே பெறப்படும்; ஒதுக்கீடு முடிந்தபின், ஓசூரில் பயிற்சி பெறும் மாணவிகள் எந்த நிறுவனமானாலும் ஒரே விடுதியில் தங்கும்படி கல்லூரி ஏற்பாடு செய்யும்.